எட்டாவது ஆள்

வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அக்கா அழைத்தாள். "தம்பி, மருந்துக்கடையில பையெல்லாம் கட்டி ரெடியா இருக்கு. நம்ம ஆப் மட்டும் காத்திருக்கவும், காத்திருக்கவும்னே சொல்லுது. என்னடா பண்ணி வெச்சிருக்க?"

மழையில் இறங்கிக் கடைக்கு ஓடினேன். என்ன நடந்திருக்கும் என்று படிக்கட்டிலேயே புரிந்துவிட்டது.

எங்கள் செயலிக்கு முதலாளி கிடையாது. டெலிவரி ஓட்டும் பதினாறு பேர் சேர்ந்து தொடங்கியது. எங்கள் கைப்பேசிகளிலேயே ஓடுகிறது. நாலு பேர் கூடி நல்ல ஆர்டர்களைத் தங்களுக்குள் சுருட்டிக்கொள்ளக் கூடாது என்று ஒரு விதி வைத்தோம். பாதிப் பேராவது, அதாவது எட்டுப் பேர், எங்கள் செயலியைத் திறந்து வேலையில் இருந்தால்தான் ஆர்டர் உறுதியாகும். பெரிய டெலிவரி கம்பெனியின் செயலியைத் திறந்து வைத்திருப்பவர் கணக்கில் சேரமாட்டார். மாலை வகுப்பில் படித்ததைக் கொண்டு அதை எழுதியவன் நான். பலமுறை சோதித்தேன். மழையைச் சோதிக்கவில்லை. மழை பெய்தால் கம்பெனி கூலியை ஏற்றும், எல்லோரும் அங்கே ஓடுவார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அக்காவால் அங்கே ஓட முடியாது. யாரோ தவறான முகவரி கொடுத்ததற்காகக் கம்பெனி அவளை நீக்கிவிட்டது. ஏன் என்று கேட்கக்கூட ஆள் இல்லை. இன்று ஒருநாள் வேலையைப் பார்த்துவிட்டு, தினசரி டெலிவரியை எங்களுக்கே தருவதாக மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார். அவள் வீட்டு அடுப்பு அதை நம்பித்தான் இருந்தது.

"உங்க ஆபீஸ்ல பொறுப்பான ஆள் யாரு? போனைப் போடு," என்றார் கடைக்காரர்.

"முதலாளி இல்ல சார். எல்லாரும் பங்காளிங்க."

"பங்காளின்னாலே இந்த லட்சணம்தான். அப்ப நான் யாரைத் திட்டறது?"

"என்னைத் திட்டுங்க சார்."

"உன்னைத் திட்டினா மருந்து போய்ச் சேந்துருமா?"

ஆர்டர் உறுதியானால்தான் நோயாளியின் முகவரி எங்கள் திரைக்கு வரும். அதைத் தாளில் எழுதித் தர அவர் மறுத்துவிட்டார். நியாயம்தான்.

அக்காவையும் என்னையும் சேர்த்து ஐந்து பேர் இருந்தோம். ஒவ்வொருவராக அழைத்தேன். "நனைஞ்ச கோழியா நிக்கறேன்டா, உனக்காக வர்றேன்," என்றான் ஒருவன். ஆறு. இன்னொருவனிடம் கெஞ்சினேன். ஏழு. அதற்குமேல் எண் அசையவில்லை. எங்கள் பதினாறு பேரில் ஒருவரான மீசை அண்ணன் போனை எடுக்கவே இல்லை. "இனி அந்தக் கம்பெனிக்காரன் வாசல்ல போய் நிக்க மாட்டோம்" என்று முதல் கூட்டத்தில் முழங்கியவர் அவர்தான்.

"ஊசி மருந்தெல்லாம் இருக்கும்மா. கம்பெனியிலயே போட்டுடறேன், கோவிச்சுக்காத," என்றார் கடைக்காரர்.

அக்கா பைகளின் மேலிருந்த ஈரத்தைச் சட்டைக் கையால் துடைத்தாள்.

சற்று நேரத்தில் கம்பெனியின் மழைக்கோட்டுடன் ஒரு வண்டி வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியவர் மீசை அண்ணன்.

"அண்ணே, அதை அணைச்சிட்டு நம்மதைப் போடுங்க," என்றேன். "ஏழு பேர் இருக்கோம். நீங்க வந்தா எட்டு."

அவர் அக்காவைப் பார்த்தார். உடனே தலையைக் குனிந்துகொண்டார். "எடுத்த ஆர்டரை நடுவுல விட்டா என்னையும் உங்கக்கா மாதிரி தூக்கிப்போட்டுடுவான் தம்பி."

"கூட்டத்துல அவ்வளவு பேசுனீங்களே!"

"பேசுனது பொய்யில்லடா. அன்னிக்கு மழை இல்ல."

"அவரை விடுடா," என்றாள் அக்கா. பைகளின் வாயை இறுக்கிக் கட்டி அவளே அவர் பெட்டியில் அடுக்கினாள். "ஊசி மருந்து மேல இருக்குண்ணே. நசுங்காம கொண்டு போங்க. முக்குல பள்ளம் இருக்கு, பாத்து."

வண்டி போய்விட்டது. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். நாளைக்கு வரச் சொல்லவில்லை. அக்கா இன்னும் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அணைச்சிடுக்கா. வீட்டுக்குப் போலாம்."

"நான் அணைச்சா ஆறாயிடும்டா," என்றாள்.