பெருமாள் சாப்பிட்ட கறி

ராயக்கோட்டை தக்காளி மண்டியிலிருந்து அத்தாவின் டிபன் கேரியர் தினமும் காலியாகத்தான் வரும். அம்மாவுக்கு அதில் பெருமை. சர்க்கரைக்காக வாரம் ஒரு ஊசி ஆரம்பித்த பிறகு அத்தா வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை. "மதியமாவது நல்லா சாப்பிடுறாரே" என்று அம்மா கேரியரில் கறியைக் கூட்டிக்கொண்டே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை, மண்டியில் தக்காளிப் பெட்டி ஏற்றும் பெருமாள் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, உங்க கைக்குத் தங்க வளையல் போடணும். பாய் புண்ணியத்துல நான் ஒரு சுத்து பெருத்துட்டேன்."

அத்தா தலையைக் குனிந்துகொண்டார்.

பெருமாள் போனதும் அம்மா கேட்டாள்: "என் சமையல் கசந்துபோச்சா?"

"இல்ல அதியா. ரெண்டு வாய்லயே நெறஞ்சிடுது. அப்படியே கொண்டாந்தா நீ மொகம் வாடுவே."

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"மஹீன், இன்னிக்கு ஊசி வேணாம்" என்றார் அத்தா. "இனிமேயும் வேணாம். சர்க்கரை இருந்துட்டுப் போகுது."

அவருடைய கால் புண் அப்போதுதான் ஆறத் தொடங்கியிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. நான் உயிர்வேதியியல் படித்தவள். பரீட்சையில் எழுதிவிடுவேன், வாயால் சொல்ல வராது. அடுப்படிக்குப் போய் அம்மாவின் முதுகைப் பார்த்துப் பேசினேன்.

"சாப்பிட்டதும் குடல்ல ஒரு ஹார்மோன் சுரக்கும்மா. அதுதான் மூளைக்கு 'போதும்'னு சேதி சொல்லும். மூளை பசிய அடக்கும், உடம்பு சர்க்கரைய எப்படிச் செலவு பண்றதுன்னும் பாத்துக்கும். அத்தாவுக்கு அந்தச் சேதி சரியாப் போகல. ஊசியில இருக்கிறதும் அதே மாதிரி ஒண்ணுதான். ஒரு வாரம் கரையாம நின்னு 'போதும்'னு சொல்லிட்டே இருக்கும்."

"வயித்துக்கும் மூளைக்கும் நடுவுல நான் எங்க இருக்கேன்?"

அதைப் பாடத்தில் சொல்லித் தரவில்லை.

"சமையல் பிடிக்காதவரு மிச்சத்தக் கொண்டாந்து வெச்சிருப்பாரு. இவரு உன் மொகம் வாடக் கூடாதுன்னு விஷயத்த ஒளிச்சில்ல வெச்சாரு" என்றேன்.

அம்மா அடுப்பை அணைத்தாள். சின்னத் தட்டில் ஒரு கரண்டி சோறும் ரெண்டு துண்டு கறியும் வைத்து எடுத்துப்போய் அத்தாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"மெதுவா சாப்பிடுங்க. இதுக்கு மேல வைக்க மாட்டேன்."

அத்தா மென்று மென்று சாப்பிட்டார். பாதியில் கை நின்றது.

"போதும்னு சொல்லுதா?"

"சொல்லுது."

"அப்ப விடுங்க." அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்து மீதியைச் சாப்பிட ஆரம்பித்தாள். "மஹீன், அந்த ஊசிய எடுத்துட்டு வா. இன்னிக்கு நான் போடறேன். எப்படின்னு காட்டு."