டாங்கியோரத்துக் கங்கோங்

ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், என் சமையலறைக்கு நேரெதிரே, வீடு அளவு பெரிய இரும்புத் தண்ணீர் டாங்கி ஒன்று நிற்கிறது. அதன் ஓரத்தில் நான் நட்ட கங்கோங் கீரை மதமதவென்று வளர்ந்தது. எல்லா மாடிக்கும் அங்கிருந்துதான் கீரை போகும். “ரமணி அக்கா கைராசி” என்றார்கள். நானும் சும்மா இருந்தேனா? யார் புது வீடு போனாலும் முதல் செடியை நட நானே கிளம்பிவிடுவேன். பெருமைப்பட்டுக்கொள்ள எனக்கு வேறென்ன இருந்தது?

போன மாதம் டாங்கியைச் சோதிக்க இன்ஜினியர் தனுஜா வந்தாள். வந்தவள் என் கீரையை அல்லவா பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இதுக்கு எவ்வளவு தண்ணி ஊத்துறீங்கக்கா?”

“ஊத்துறதே இல்ல லா. நான் நட்டா அதுவா வரும்.”

“மழை இல்லாதப்பவும் இப்படித்தானா?”

“அப்பதான் இன்னும் ஜோரா வரும்” என்றேன். என் வாய்தான் எனக்கு எமன்.

அவள் செடிகளை விலக்கி, டாங்கி உட்கார்ந்திருக்கும் சிமெண்டு மேடைக்குக் கீழே கையை விட்டாள். முழங்கை வரை உள்ளே போனது. அடித்தகட்டின் இணைப்பில் ஒழுகிய தண்ணீர், மேடைக்கடியில் இருந்த மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது.

“டாங்கிய உடனே காலி பண்ணணும். தோட்டத்தையும் தோண்டணும். இது இந்தப் பக்கம் சாஞ்சா…” என்று என் சமையலறை ஜன்னலைப் பார்த்தாள்.

எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டது.

“அப்ப என் கைராசி?”

“ஒழுகின தண்ணிதான்க்கா” என்றாள் பாவி.

டாங்கியைக் காலி செய்து, தகட்டை மாற்றி, மேடைக்கடியில் காங்கிரீட் நிரப்பினார்கள். என் தோட்டம் போனது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மேல்மாடி குணாளனின் மகள் புது வீடு போனபோது செடி நட என்னைக் கூப்பிடவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று கடைசியாக டாங்கியைப் பார்க்க வந்த தனுஜா, என் கதவைத் தட்டினாள். கையில் ஒரு கறிவேப்பிலைக் கன்று.

“ஆயர் ஈத்தாம்ல வீடு வாங்கியிருக்கேன்க்கா. நீங்கதான் வந்து நடணும்.”

“கைராசி இல்லன்னு சொன்னவளே நீதானே?”

“அது கங்கோங்குக்கு. என் வீட்டுக்கு உங்க கை வேணும்க்கா.”

முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை.

“உன் வீட்டுல பைப்பு ஏதும் ஒழுகலையே?” என்று கேட்டுவிட்டுச் சேலை மாற்றப் போனேன்.