நாலாம் படையின் உடுப்பு

லீலாபாய் டீச்சர் பையிலிருந்து உருவிப் போட்ட வெள்ளித் துணி மேசைமேல் விழுந்ததும் கடையே பளபளத்தது. மலையாள நாட்டுக் கரமனையில் இருந்த அழகியநம்பியின் தையல் கடை, காக்கியும் பச்சையும் தவிர வேறு நிறத்தை அதிகம் கண்டதில்லை. பஸ் கண்டக்டர், போலீஸ்காரர், பாங்கோடு முகாமிலிருந்து வரும் பட்டாளத்துக்காரர் என்று அங்கே வருகிறவர்கள் எல்லாருமே உடுப்புக்காரர்கள்.

"தரை, கடல், ஆகாயம், மூணு உடுப்பும் கொள்ளாம், நல்லா வந்திருக்கு அண்ணாச்சி. இனி நாலாவது. பகிராகாச சேனை," என்றார் டீச்சர்.

பகிராகாசம் என்றால் மலையாளத்தில் விண்வெளி. பள்ளிக்கூட ஆண்டு விழா வேஷப் போட்டியில் நாலு பிள்ளைகளுக்கு உலகத்துப் படைகளின் வேஷம். ரஷ்யாவில் அந்த ஜூன் மாதம் விண்வெளிக்கென்றே தனிப் படை வந்திருப்பதாக டீச்சர் யாரோ சொல்லிக் கேட்டிருந்தார். 2001-ஆம் வருடத்தில் வேறெந்தப் பள்ளிக்கூட மேடையிலும் அது இருக்காது என்பதில் அவருக்குப் பெருமை.

"உள்ளே பஞ்சு வச்சுப் புசுபுசுன்னு தைக்கணும். முதுகிலே ரெண்டு ஆக்ஸிஜன் சிலிண்டர். தலைக்கு எங்க வீட்டு ஸ்கூட்டர் ஹெல்மெட். வெள்ளிக்கிழமை பிள்ளையைக் கூட்டிட்டு வாரேன்."

"வெள்ளிக்கு வெள்ளி," என்றாள் இரண்டாம் மிஷினில் இருந்த இசக்கி. டீச்சர் சிரித்தார். அழகியநம்பியும் சிரித்தார்.

மூன்றாம் மிஷினில் கால் நின்றது.

"வெள்ளி இல்லை," என்றாள் ஜெஸ்லின். யாருக்கும் கேட்கவில்லை. அவள் பேச்சு அப்படித்தான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு இந்த மிஷினில் உட்கார்ந்து ஐந்து வருடம் ஆகிறது. கடைக்கு வந்த ஒருத்தரிடமும் அவள் வாய்விட்டுப் பேசியதில்லை. அளவைக்கூட இசக்கியின் காதில்தான் சொல்வாள்.

டீச்சர் போன பிறகு அவள் எழுந்து, சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த காகித வடிவங்களில் ஒன்றை எடுத்து வந்தாள். துணி வெட்டுவதற்கு முன் பழைய பேப்பரில் வடிவம் வெட்டிக்கொள்வது அந்தக் கடை வழக்கம். பழைய பேப்பர் கட்டு வந்தால் முதலில் வாசிப்பவள் ஜெஸ்லின். ஆனால் இதை மட்டும் கத்திரி ஓடிய பிறகுதான் கவனித்தாள். ஒரு சுபேதார் சட்டையின் முழுக்கைக்கு வெட்டிய வடிவம். அதில் இருந்தது அந்த ரஷ்யப் படையைப் பற்றிய செய்தி; அக்குள் வளைவில் பாதி போய்விட்டது. மிச்சம் இருந்த பாதியை அவள் முப்பது தடவையாவது வாசித்திருப்பாள்.

"அண்ணாச்சி, அந்தப் படைக்காரங்க மேலே போறதில்லை. தரையிலேதான் இருக்காங்க. இதிலே இருக்கு."

அழகியநம்பி கண்ணாடியை மூக்கில் இறக்கி, காகிதக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சுபேதாரோட கையாக்கும்."

"பின்னாலே வாசிங்க."

"எனக்கு வாசிக்க நேரமில்லை பிள்ளே. டீச்சர் வெள்ளின்னு சொன்னா வெள்ளி. இது வேஷம்."

"மத்த மூணும் வேஷம்தானே? நேவிக்காரன் காலர்லே மூணு வெள்ளைக்கோடு இருக்கணும், ரெண்டுதான் இருக்குன்னு சொல்லி என்னைப் பிரிக்க வச்சீங்களே? உடுப்பு பொய் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

இசக்கி வாயைப் பொத்திக்கொண்டாள். ஐந்து வருடத்தில் அந்தப் பெண் இவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டதில்லை. அழகியநம்பியின் முகம் சிவந்தது. தன்னுடைய சொல்லையே தனக்கு அளவெடுத்துக் காட்டினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"தைக்க மாட்டேன்னா மிஷினை விட்டு எழும்பு. தைக்க வேற ஆளு உண்டு."

"வெள்ளி தைக்க மாட்டேன். மத்தது எல்லாம் தைப்பேன்."

அவள் எழும்பவில்லை. வெள்ளித் துணி இசக்கியின் மிஷினுக்குப் போனது. "எட்டி, உனக்கு என்னத்துக்கு இந்த வம்பு? ரஷ்யாக்காரன் வந்து பாக்கப் போறானா?" என்று இசக்கி பஞ்சைத் திணித்துக்கொண்டே கேட்டாள். "சனிக்கிழமை உன்னை அனுப்பிட்டா எங்கே போவே?"

அது ஜெஸ்லினுக்குத் தெரிந்ததுதான். இந்த மிஷின் போனால் வேறு மிஷின் இல்லை. வீட்டில் இருப்பது சமையலும் அண்ணனின் ஏச்சும்தான். ஆனாலும் புதன், வியாழன் இரண்டு நாளும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில், டப்பாவைத் திறக்காமல், வெட்டில் மிஞ்சிய பச்சைத் துணிகளை ஒட்டிச் சேர்த்து அவள் இன்னொரு உடுப்பைத் தைத்தாள். பத்து வயதுப் பிள்ளையின் அளவு. அழகியநம்பி பார்த்தார். வெள்ளிக்கிழமை கழியட்டும் என்று வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை டீச்சர் வந்தபோது மேசையில் இரண்டு உடுப்புகள் இருந்தன. கூட வந்த பிள்ளை ஜானவி நேராக வெள்ளியைப் போய்த் தொட்டாள்.

"இதெந்தா, ரெண்டு?" என்றார் டீச்சர்.

"பச்சைதான் சரி, டீச்சரே," என்றாள் ஜெஸ்லின். சின்னக் குரல்தான். ஆனால் கேட்டது.

"நீ நம்ம ஸ்கூல்லே படிச்ச குட்டியல்லே? பின்பெஞ்சு?"

"ஓம். டீச்சரே, விண்வெளிப் படைன்னா விண்வெளிக்குப் போற படை இல்லை. ராக்கெட்டை விடுறது, மேலே சுத்துற சேட்டிலைட்டைத் தரையிலே இருந்து நடத்துறது, வேற நாட்டு ஏவுகணை எழும்பினா முதல்லே கண்டுபிடிச்சுச் சொல்றது, இதாக்கும் அவங்க வேலை. ஐம்பத்தேழிலே முதல் சேட்டிலைட்டு போச்சே, அதை விட்டவங்களும் பட்டாளத்துக்காரங்கதான். அவங்க பேரை வெளியே சொல்லவே இல்லை. அப்போ அவங்களுக்குத் தனிப் படையும் இல்லை. தொண்ணூத்திரண்டிலே தனியாக்கினாங்க. தொண்ணூத்தேழிலே ஏவுகணைப் படையோட சேர்த்துட்டாங்க. இந்த வருஷம் மறுபடியும் தனியா வந்திருக்காங்க."

கடையில் மிஷின் எதுவும் ஓடவில்லை.

"அமெரிக்காவிலே?" டீச்சர் விடுவதாயில்லை.

"அங்கே அது விமானப்படைக்குள்ளே ஒரு பிரிவு. தனிப் படை இல்லை."

"இதெல்லாம் ஆரு சொல்லித் தந்தது?"

ஜெஸ்லின் காகிதக் கையை நீட்டினாள். டீச்சர் அதைப் பிடித்துப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "பாதிப் பேப்பரை வச்சுட்டா என்கிட்டே வாதம்?"

"இருக்கிற பாதியிலே வெள்ளி இல்லை டீச்சரே. படத்தைப் பாருங்க. அதிலேயும் பாதி ஆள்தான். ஆனா சட்டை, பட்டன், தோள்பட்டி. ஸ்கிரீன் முன்னாலே இருக்கான்."

"கறுப்பு வெள்ளைப் படம். பச்சைன்னு உனக்கு எங்ஙனெ தெரியும்?"

"தெரியாது. நிறம் தப்பா இருக்கலாம். வெள்ளி இல்லைன்னு தெரியும்."

"மோளே, மேடையிலே இதைப் போட்டு நிறுத்தினா ஆளுங்க என்ன நினைப்பாங்க? ரெண்டாவது தரைப்படைன்னு நினைப்பாங்க. வெள்ளி போட்டாத்தான் கையடிப்பாங்க."

"தும்பாவுக்குப் போற ஆபீஸ் பஸ்ஸைப் பாத்திருக்கீங்களா டீச்சரே? சட்டை, பேண்ட், கையிலே டிபன் பாக்ஸ். ராக்கெட்டு விடுறவங்க. இந்த ஊர்லே இருந்துட்டு நாமளே பிள்ளைங்களுக்குப் புசுபுசு உடுப்பைக் காட்டணுமா?"

அந்தப் பஸ்ஸை டீச்சரும் தினம் பார்க்கிறவர்தான். பச்சைச் சட்டையின் பட்டனைத் திருகினார். பிறகு ஜானவியைப் பார்த்தார். அவள் அதற்குள் ஹெல்மெட்டை மாட்டியிருந்தாள்.

"நீ சொல்றது சரியா இருக்கும். ஆனா எனக்கு வேண்டியது பிரைஸ்," என்று வெள்ளியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

"திருப்தியாச்சா?" என்றார் அழகியநம்பி.

மறுநாள் காலையில் அவர் கடை திறக்க வந்தபோது படியில் ஜெஸ்லின் காத்திருந்தாள். கதவு திறந்ததும், ரோட்டைப் பார்த்த கண்ணாடி அலமாரியில், போலீஸ் உடுப்புக்கும் கண்டக்டர் உடுப்புக்கும் நடுவில், பச்சை உடுப்பைத் தொங்கவிட்டாள். அடியில் ஓர் அட்டை. மார்க்கிங் சாக்கால் எழுதியிருந்தாள்: 'விண்வெளிப் படை. இவர்கள் இருப்பது தரையில்.'

"எடு அதை."

"எடுக்க மாட்டேன் அண்ணாச்சி."

"நான் எடுப்பேன்."

"எடுங்க. நாளைக்கும் மாட்டுவேன். என்னை அனுப்பினா ரோட்டுக்கு அந்தப்புறம் நின்னு பிடிச்சுட்டு நிப்பேன்."

அழகியநம்பி உடுப்பைக் கொக்கியிலிருந்து கழற்றினார். குறை சொல்லியே எறிந்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில் காலரைத் திருப்பினார், அக்குளை இழுத்துப் பார்த்தார், பட்டன் காஜாவில் விரலை விட்டார். ஒன்றும் அகப்படவில்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது. உடுப்பைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

அப்போதுதான் பேண்ட் வாங்க ஹவில்தார் தாணுமாலையன் வந்தார். நாகர்கோவில்காரர். பாங்கோட்டில் சிக்னல்ஸில், பட்டாளத்தின் தகவல் தொடர்புப் பிரிவில், வேலை. அட்டையை வாசித்தார். "இது எந்த ரெஜிமெண்ட் அண்ணாச்சி? நான் கேட்டதே இல்லையே."

"அந்தப் புள்ளைகிட்டே கேளும்," என்றார் அழகியநம்பி.

ஜெஸ்லின் சொன்னாள். முதலிலிருந்து சொன்னாள். இசக்கியின் காதைத் தேடவில்லை.

"அப்போ துப்பாக்கியும் இல்லை, போரும் இல்லை, நாள் முழுக்க ஸ்கிரீன். ஒருத்தனுக்கும் தெரியாது," ஹவில்தார் தாடையைச் சொறிந்தார். "என் பெண்டாட்டி என்னைப் பத்திச் சொல்றது மாதிரியே இருக்கு. செரி, தோள்லே பேட்ஜ் எங்கே? வெறும் பட்டியா இருக்கே?"

"பேப்பர்லே அது இல்லை. தெரியாததைத் தைக்க மாட்டேன்."

ஹவில்தார் அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்தப் பேண்டும் இவதான் தைச்சதா?" என்று அழகியநம்பியிடம் கேட்டார். ஆமாம் என்றதும் விரித்துப் பார்க்காமலே கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

உடுப்பு இன்னும் அழகியநம்பியின் கையில்தான் இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் அதை மறுபடி கொக்கியிலேயே மாட்டினார். "ஹவில்தார் பாத்தாச்சு. போதும். சாயங்காலம் எடுத்துரு," என்றார்.

"இல்லை," என்றாள் ஜெஸ்லின். எதிர்ச்சாரியில் பெட்டிக்கடை வைத்திருந்த ஓமனா திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.