சிவப்புப் பொட்டு வைத்த மூன்று

கொருக்குப்பேட்டை குடியிருப்பின் மொட்டை மாடியில் இருந்த வலைக்கூண்டுக்குக் கெங்கம்மாதான் காவல். வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சி செய்யும் மூணாவது மாடி எழில்மொழி, வெளியூர் போகும்போது அவளிடம் ஒப்படைத்திருந்தாள். உள்ளே கறிவேப்பிலைச் செடி, அதில் புழுக்கள்.

"எல்லாம் ஒரே தாய் போட்ட முட்டைதான் அக்கா. வேற எதுவும் உள்ள பூந்துடக்கூடாது."

அந்தத் தாயைக் கெங்கம்மா பார்த்திருக்கிறாள். கறுப்பு ரெக்கை, வெள்ளைப் பட்டை. கூட்டை உடைத்து வந்த முதல் எட்டும் அதே அச்சு. வியாழக்கிழமை வந்த மூன்றைப் பார்த்ததும் திக்கென்றது. ரெக்கை ஓரமெல்லாம் சிவப்புப் பொட்டு! வேறு எவளோ பெற்றது.

கூண்டு வாய்க்கயிற்றைப் பார்த்தாள். அது அவள் போடும் முடிச்சில்லை.

கூண்டால் துணி காயப்போட இடமில்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவன் கீழ்வீட்டு வால்டர் ஒருவன்தான். கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். அவனைப் படிக்கட்டிலேயே மடக்கினாள்.

"இன்னா வால்டரு, கூண்டத் தொட்டியா?"

"கயிறு அவுந்து கெடந்துச்சு. கட்டினேன்."

"சும்மா கட்னியா, உள்ள எதனா வுட்டுட்டுக் கட்னியா?"

"எனக்கு வேற வேல இல்ல பாரு!"

நாலு வீட்டுக் கதவு திறந்தது. "ஒரு பொண்ணு படிப்பக் கெடுக்கறியே, கலீஜு!" என்று கெங்கம்மா கத்தினாள். வால்டர் திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று இறங்கிப் போனான். குற்றமுள்ளவன் அப்படித்தான் போவான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறன்று வந்த எழில்மொழி கூண்டைப் பார்த்துக் குதித்தாள்.

"அக்கா, இதுங்களும் அதோட பொண்ணுங்கதான்! பொட்டு வெக்கற ஜீன் அப்பன்கிட்டருந்து வந்துகீது. ஆம்பளப் பூச்சிக்கு அது உள்ள இருந்தாலும் ரெக்கையில காட்டாது. பொண்ணு ரெக்கையிலதான் தெரியும்."

"இன்னாத்துக்குப் பொட்டு?"

"அதே பொட்டு வெச்ச விஷப்பூச்சி ஒண்ணு கீது. பறவ அதத் தின்னாது. இதுக்கு விஷமில்ல, ஆனா அதுன்னு நெனச்சு வுட்டுடும். அப்படித் தப்பிச்சுத் தப்பிச்சுத்தான் இந்தப் பொட்டு தலைமுறை தலைமுறையா நின்னுச்சு."

கெங்கம்மா நேரே இறங்கி வால்டர் கதவைத் தட்டினாள்.

"தப்பாப் பேசிட்டேன் வால்டரு."

"அத இங்க வந்து ஏன் காதுல சொல்ற? படிக்கட்டுல சொல்லு."

கதவு சாத்திக்கொண்டது. கெங்கம்மா படிக்கட்டுக்கு வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாலு வீட்டுக் கதவும் திறக்கும்வரை, கத்திச் சொன்னாள்.