பதினோரு நாள் வெளியே வராதவர்

சிமெண்டு ஆலையில் மூட்டை நிரப்பும் குழாயடியில் நிற்கிறவருக்குச் சாம்பலார் என்று பேர். காலையில் கறுப்பாக உள்ளே போவார், சாயங்காலம் சாம்பல் நிறத்தில் வெளியே வருவார். புருவம், மீசை, உதடு எல்லாம் ஒரே பூச்சு. கண் எங்கே இருக்கிறது என்று அவர் சிமிட்டினால்தான் தெரியும்.

அவர் கையில் ஆபீஸ் கிளார்க் ஒரு நோட்டீசைத் திணித்தார்.

"என்னங்க இது?"

"படிச்சுப் பாருங்க."

"எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள ஷிப்ட் முடிஞ்சிரும். நீங்களே சொல்லுங்க."

"பதினோரு நாளா நீங்க ஆலையை விட்டு வெளியே போகலையாம். அனுமதியில்லாம உள்ளேயே குடித்தனம் நடத்துறீங்களாம். வெள்ளிக்கிழமை விசாரணை. சரியா பதில் சொல்லலைன்னா வேலை போயிரும்."

"நேத்துகூட என் வீட்டுலதானேங்க சாப்பிட்டேன்!"

"அதுக்கு ரெக்கார்டு இருக்கா?"

எல்லாம் அந்தக் கேமராவால் வந்த வினை. போன மாதம்தான் கையெழுத்து நோட்டை எடுத்துவிட்டு, உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று ஆலை வாசல் கேட்டில் முகம் பார்த்துப் பதியும் இரண்டு கேமரா மாட்டினார்கள். மேனேஜர் ரிப்பன் வெட்டி, முதல் முகமாகத் தன் முகத்தையே பதிவு செய்துகொண்டார். அதன் நினைவாக, இரண்டு வாரம் முன்னால், வெளியே போகிறவர்கள் நிற்கும் இடத்துக்குப் பின்சுவரில் ஒரு போர்டு ஏறியது. சுற்றிலும் கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை, நடுவில் மேனேஜரின் சிரித்த முகம், அதன் கீழே 'பாதுகாப்பே நம் மூச்சு', தலைக்கு மேல் ஒரு டியூப் லைட். சாம்பலார் தினமும் அதன் முன்னால் நின்று இருமுவார். கேமரா 'பீப்' என்னும், கதவு திறக்கும், அவர் போய்விடுவார். திரையில் யார் பேர் வந்தது என்று பார்க்க, கண்ணில் தூசி இல்லாமல் இருக்க வேண்டுமே!

வீட்டில் சொன்னதும் மனைவி இடுப்பில் கை வைத்தாள். "ஏங்க, பதினோரு நாளா நீங்க வரலைன்னா, தினமும் என் சோத்தைத் தின்னுட்டு இங்கே குறட்டை விட்டது எவன்?"

"சிரிக்காதடி. வேலை போயிரும்."

"நான் வந்து சாட்சி சொல்றேன்."

"பொண்டாட்டி சாட்சியெல்லாம் எடுபடாது. கேமரா சொல்லணும்."

அதற்கப்புறம் அவளும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கேட்டிலேயே விசாரணை. கேமரா கம்பெனியிலிருந்து பழுது பார்க்கிற பெண்ணையும் வரவழைத்திருந்தார்கள்.

"மெஷின் பொய் சொல்லாது. மனுசன்தான் சொல்வான்," என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

குழாயடியிலிருந்து அப்படியே வந்த சாம்பலாரை அந்தப் பெண் கேமரா முன்னால் நிறுத்தினாள். பீப். கதவு திறந்தது. திரையைப் பார்த்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பழைய பதிவுகளையும் புரட்டினாள்.

"சார், நீங்க இந்த வழியா வெளியே போறதுண்டா?"

"நான் கார்ல போறவன். இந்தப் பக்கம் வந்ததே திறப்பு விழா அன்னைக்குத்தான்."

"நோட்டீசுல சொன்ன பதினோரு நாளும், தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்க வெளியே போயிருக்கீங்க. இன்னைக்கும் இப்பத்தான் போனீங்க. உள்ளே வந்ததுக்குத்தான் பதிவே இல்ல."

"அப்ப சாருக்கும் ஒரு நோட்டீசு..." என்று வாயெடுத்த கிளார்க், மேனேஜரின் பார்வை பட்டதும் மீதியை விழுங்கிக்கொண்டார்.

"இது எப்படிம்மா?" என்றார் சாம்பலார்.

"எடுத்த எடுப்புல இதுக்கு முகம்னு எதுவும் தெரியாதுங்கய்யா. படத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்சுக்கும். ஒவ்வொரு கட்டத்துலயும் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிக்கு எவ்வளவு வித்தியாசம்னு கூட்டும். லென்ஸை முன்னே பின்னே நகர்த்தி, அந்தக் கூட்டல் எங்கே உச்சத்துக்குப் போகுதோ, அங்கே நிறுத்திக்கும். உங்க முகம் முழுக்க ஒரே சாம்பல். கூட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல. உங்க தோளுக்கு மேல பார்த்தா கறுப்பு மஞ்சள் பட்டை, சார் படம். கணக்கு அங்கே எகிறிடுது, சார் முகத்தையே பதிஞ்சிடுது."

"இருட்டுனால என்னைத் தெரியலையோன்னு நினைச்சேன்."

"அதுவும்தான். ஒவ்வொரு கட்டத்துலயும் எவ்வளவு வெளிச்சம்னும் கணக்கெடுக்கும். டியூப் லைட் பட்ட கட்டமெல்லாம் பளீர்னு இருக்கா, வெளிச்சம் ஜாஸ்தின்னு மொத்தப் படத்தையும் குறைச்சிடுது. நீங்க இன்னும் இருண்டு போறீங்க."

சாம்பலார் போர்டைத் திரும்பிப் பார்த்தார். "எதிர்ல நிக்கிறது நான். அது பார்க்கிறது எனக்குப் பின்னால இருக்கிற சாரை."

"ஆமாங்கய்யா."

"ஏம்மா, இந்தக் கேமராவும் நம்ம ஆபீஸ்லதான் வேலை பழகிச்சா?"

அவளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. சிரித்து முடித்துவிட்டு, "போர்டைக் கழட்டிட்டா சரியாயிடும் சார்," என்றாள்.

கிளார்க் போர்டையும் மேனேஜரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போர்டு இருக்கட்டும்," என்றார் மேனேஜர். "வேற வழி?"

"அவர் முகத்தைக் கழுவிட்டு வரணும். கண்ணு, மீசை பளிச்னு தெரிஞ்சா நடுக் கட்டத்துல கணக்கு ஏறும். நடுவுக்குத்தான் அது கூடுதல் மதிப்புக் கொடுக்கும். முகம்னு பிடிபட்டுட்டா, வெளிச்சத்தையும் அதுக்குத் தக்கபடி வச்சுக்கும்."

கை கால் கழுவ உள்ளே ஒரு குழாய் வேண்டும் என்று தொழிலாளிகள் மனு கொடுத்து ஆறு வருடம் ஆகிறது. பதில், 'பரிசீலனையில் உள்ளது.' கேமராவுக்கு வேண்டும் என்றதும் மூன்றே நாளில் குழாய் வந்தது. தண்ணீரும் வந்தது.

விசாரணை முடிவும் கூடவே வந்தது. தொழிலாளி தினமும் வெளியே போனதாகக் கருணையுடன் ஏற்கப்படுகிறது. இனி தெளிவற்ற முகத்துடன் கேட்டுக்கு வந்தால் நடவடிக்கை உண்டு. மேனேஜர் வெளியே போன நாட்கள் மட்டும் 'ஆய்வுப் பணி' என்று பதிவாயின.

அன்று சாயங்காலம் குழாய்க்கு மேலே ஒட்டியிருந்த தாளைச் சாம்பலார் எழுத்துக் கூட்டிப் படித்தார். 'கேமரா உபயோகத்துக்கு. முகம் மட்டும் கழுவவும்.' முகத்தைக் கழுவிவிட்டு முழங்கையை நீட்டியபோது கிளார்க் ஓடிவந்தார்.

"கை கூடாதுங்க. கேமரா கையைப் பார்க்கிறதில்ல."

"கையில்லாம முகத்தை எப்படிங்க கழுவுறது?"

கிளார்க் தாளை இன்னொரு முறை பார்த்தார். "உள்ளங்கை வரைக்கும் பரவாயில்ல."

பீப். திரையில் முதல் தடவையாகத் தன் முகத்தைப் பார்த்தார் சாம்பலார். வேலை தப்பியது.

வீட்டுக் கதவைத் திறந்த மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். கழுத்துக்கு மேலே கறுப்பு, கீழே சாம்பல்.

"என்னங்க இது, பழைய உடம்புல புதுத் தலையை மாட்டி அனுப்பிட்டாங்களா?"

"ஆமா. உடம்பு இன்னும் பரிசீலனையில இருக்கு," என்றபடி அவர் செருப்பைக் கழற்றினார்.