ஒழுகும் சுவரில் ஒரு நரகம்

எங்கள் ஆலயத்தின் வடக்குச் சுவரில் நரகம் வரையப்பட்டதற்குக் காரணம் பக்தி அல்ல, ஒழுகல். மேல்தளத்தில் எங்கோ ஒரு விரிசல். வந்து பார்த்த கொத்தனார்கள் எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று ஆண்டவருக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு, அவரிடமே பொறுப்பை விட்டுப் போனார்கள். சுவரில் கறை வளர்ந்தது. கீழே அகலமாக, மேலே போகப் போகக் கூராக, நாக்கு நாக்காக, செங்கல் நிறத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய போதகர் பிரசங்கத்தின் நடுவில் அதை உற்றுப் பார்த்தார். ஆராதனை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"பாதி வேலை தானா முடிஞ்சிருக்கு. மீதிய நீ வரைஞ்சிடு."

"என்னங்கய்யா வரையணும்?"

"நரகம்."

நான் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவன். எழுத்து நன்றாக வரும், தீயும் வரும். மனித முகத்தில்தான் தகராறு. பழகிய முகம் ஏதாவது ஒன்றுதான் கையில் வந்து நிற்கும். கற்பனை முகம் வராது. பல் டாக்டர் போர்டில் சிரிக்கிற பெண்ணுக்கு என் மாமியார் முகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த டாக்டரிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை. பால் கடைக்கு வரைந்த பசு என்னுடைய பழைய கணக்கு வாத்தியார். அவரிடம் படித்தவர்கள் இன்றைக்கும் அந்தக் கடையைத் தாண்டும்போது சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு போகிறார்கள்.

அப்போது என் அக்காவின் கணவர் இறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

மச்சான் ஒரு பெரிய சலவை நிலையத்தில் பாய்லர் பார்த்தவர். நாள் முழுக்க நெருப்பின் முன்னால் நின்று பழகிய உடம்பு, நெருப்பை விட்டு நாலடி நகர்ந்தால் நடுங்கும். கொளுத்தும் கோடையிலும் வீட்டில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். பச்சை ஸ்வெட்டர், கழுத்து வரை வெள்ளைப் பொத்தான். அக்காவுக்கோ மழைக்காலத்திலும் புழுக்கம். அவர்கள் குடித்தனம் முழுக்க ஒரே ஒரு சண்டைதான் நடந்தது, அதுவும் முடியவில்லை. அவள் ஃபேனைப் போடுவாள், அவர் அணைப்பார். அந்த வீட்டு சுவிட்சை மாற்றி மாற்றியே ஓர் எலக்ட்ரீஷியன் தன் மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்.

ஞாயிறுதோறும் மச்சான் அக்காவை ஆலயத்தின் கேட் வரை கொண்டுவந்து விடுவார். உள்ளே வரமாட்டார். எதிர்க் கடையில் டீ வாங்கி, குடிக்காமல், இரண்டு கையாலும் அந்தக் கிளாஸைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பார். ஆராதனை முடிந்ததும் கூட்டிக்கொண்டு போவார். பெரிய போதகர் கேட்டிலேயே அவரை மடக்கிப் பார்த்திருக்கிறார்.

"உள்ள வந்தா என்ன?"

"உள்ள ஃபேன் ஓடுதுங்கய்யா."

"விளையாடாதீங்க. நரகம்னு ஒண்ணு இருக்கு."

"அங்க பாய்லர் பார்க்க ஆள் தேவைப்பட்டா சொல்லுங்கய்யா. அனுபவம் இருக்கு."

இந்தப் பதிலைப் பெரிய போதகர் மறக்கவில்லை. மச்சான் காய்ச்சலில் படுத்து, வீட்டிலிருந்த போர்வை எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து "ஃபேன ஆஃப் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஃபேன் ஓடவில்லை. அடக்கத்தின்போது பெரிய போதகர் யாரையும் பெயர் சொல்லாமல் பேசினார். கேட் வரைக்கும் வந்துவிட்டு உள்ளே வராமலே போகிறவர்கள் உண்டு என்றார். அவர்கள் போகிற இடத்தில் நெருப்பு அணையாது என்றார். ஒரு வருஷம் இல்லை, கோடி வருஷம் இல்லை, முடிவே இல்லை என்றார். எல்லோரும் அக்காவைப் பார்க்காமல் இருப்பதற்காக வேறு பக்கம் பார்த்தோம். அதுதான் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

அன்றிலிருந்து அக்கா உட்காரவில்லை. சாப்பாட்டையும் நின்றுகொண்டே முடிப்பாள். துடைத்த மேஜையையே துடைப்பாள். ஃபேனைப் போடுவாள், யாரும் அணைக்கவில்லை என்று தெரிந்ததும் அவளே அணைப்பாள், மறுபடி போடுவாள். "முடிவே இல்லைன்னா எப்படிடா?" என்பாள். "ஒரு டீ குடிக்கக்கூட விடமாட்டாங்களா?"

இந்த நிலையில் நான் நரகம் வரைந்தேன். கறையின் மேலேயே சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள். தீ அருமையாக வந்தது. நடுவில் ஓர் ஆள் வேண்டும் என்றார் பெரிய போதகர். பொதுவாக ஓர் ஆளை, இடுப்பு வரைக்கும், கையைத் தூக்கிய மாதிரி போட்டேன்.

அக்கா சனிக்கிழமைகளில் ஆலயத்தின் பெஞ்சுகளைத் துடைக்க வருவாள். வந்தாள். துணி கையிலிருந்து விழுந்தது.

"டேய். அது உங்க மச்சான்."

"இல்லக்கா. பொதுவா ஒரு ஆளு."

"பொதுவா ஒரு ஆளுக்கு இடது புருவத்துல எப்படிடா வெட்டு வந்துச்சு?"

அண்ணாந்து பார்த்தேன். மச்சானேதான். என் கையை நானே கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இனி சின்ன போதகரைச் சொல்ல வேண்டும். அவர் பெரிய போதகரின் மருமகன். ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை. நரக விஷயத்தில் கருத்து வேறுபாடு வந்த பிறகு இருவரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட நடுவில் இருக்கிற மகள் மூலமாகத்தான் போக வேண்டும். ஆலயத்தில் ஒரு வாரம் மாமனார், ஒரு வாரம் மருமகன். யார் வாரமோ அவர் கையில் சாவி. சாவி யார் கையிலோ அவர் சொன்னதுதான் சட்டம். சனிக்கிழமை சாயந்திரம் சாவி கைமாறும்.

சாவி தன் கைக்கு வந்ததும் சின்ன போதகர் சுவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார்: "அம்மா, முடிவில்லாம ஒருத்தரை வதைச்சுக்கிட்டே இருக்கறது கடவுளோட வேலை இல்லம்மா. வைக்கோல நெருப்புல போட்டா எவ்வளவு நேரம் எரியும்? எரிஞ்சு முடிஞ்சிடும். நெருப்புதான் அணையாது, போட்டது தீர்ந்துபோயிடும். அவருக்கு இப்ப வலியே இருக்காது. அவரே இருக்கமாட்டாரு."

அவர் உத்தரவுப்படி மச்சானைத் தீயால் மூடினேன். கீழே கொஞ்சம் சாம்பல் போட்டேன். அன்றைக்கு அக்கா உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்கும் நிம்மதி.

புதன்கிழமை என் கடைக்கு வந்து நின்றாள். ஸ்டூலை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"இல்லாமப் போறதுன்னா எப்படிடா? தூங்கற மாதிரியா?"

"தூங்கறதுக்கும் ஒரு ஆள் வேணுமேக்கா."

"அப்ப நாளைக்கு நான் போய்த் தேடினா?"

நான் பிரஷ்ஷைக் கழுவ ஆரம்பித்தேன். அது ஏற்கெனவே கழுவிய பிரஷ்.

"எரியுறாருன்னா, எங்கேயோ இருக்காருன்னு ஆச்சு" என்றாள். "கெஞ்சிக் கூத்தாடி ஒரு சொம்பு தண்ணியாவது கொண்டுபோகலாம். இல்லவே இல்லைன்னா நான் யாருகிட்டடா சண்டை போடறது?"

சாவி திரும்பவும் மாமனாருக்குப் போனது. மச்சான் தீயிலிருந்து வெளியே வந்தார். சாவி மருமகனுக்கு வந்தது, மச்சான் சாம்பலானார். ஒரு வாரம் எரிந்தார், ஒரு வாரம் இல்லாமல் போனார். எரிகிற வாரம் அக்கா கையைப் பிசைந்துகொண்டு தெருவில் நடந்தாள். இல்லாத வாரம் அலமாரியைத் திறந்து திறந்து மூடினாள். வரைந்து வரைந்து என் கை எவ்வளவு தேறியதென்றால், கண்ணை மூடிக்கொண்டு மச்சானைப் போடுவேன். அழிப்பதும் அப்படித்தான்.

இதில் ஒரு பக்கவிளைவு. சிவப்பின் மேல் சிவப்பாகப் பூசிப் பூசி, சுவர் விரல்கடை அளவுக்குத் தடித்துவிட்டது. பெயின்ட்டின் குணமோ என்னவோ, சூடு வீச ஆரம்பித்தது. முதலில் கண்டுபிடித்தது ஆலயத்துப் பூனை. அது குட்டிகளைக் கவ்விக்கொண்டுவந்து நரகத்தின் ஓரத்தில் வைத்தது. பிறகு பாடகர் குழுவில் வடக்குப் பக்கம் நின்ற பெண்கள் வியர்த்து வழிந்து தெற்குப் பக்கம் மாறினார்கள். மழை பெய்த அன்று மேலே இருந்து இறங்கிய ஒழுகல் தீயைத் தொட்டதும் 'சுர்' என்று ஆவியாகப் போனது. சாயந்திர வெயில் படுகிறது, அவ்வளவுதான் என்றார் சின்ன போதகர். சபையில் எழுப்புதல் வருகிறது, பக்தியின் அனல்தான் இது என்றார் பெரிய போதகர். ஓரத்தில் வைத்த என் டீ மட்டும் ஆறவே இல்லை. நான் அதைப் பற்றிக் கருத்து எதுவும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை, சாவி கைமாறுகிற நேரம். சுவரில் சாம்பல். நான் ஏணியில், கையில் பிரஷ். கீழே மாமனார், மருமகன், நடுவில் பேசுவதற்கு மகள் இல்லாததால் என்னைப் பார்த்துப் பேசினார்கள்.

"அந்த ஆளைத் திரும்பவும் போடப்போறோம்னு சொல்லு" என்றார் பெரியவர்.

"போட்டா அடுத்த வாரம் அழிக்கணும்னு சொல்லுங்க."

பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"ஐயா, ஒரு வார்த்தை. நீங்க அவர நிறுத்தாம எரிக்கிறீங்க. சின்னய்யா அவர இல்லாமலே ஆக்குறாரு. உங்க ரெண்டு பேருல யாருக்காவது அந்த மனுஷனைப் பிடிச்சிருந்துச்சா?"

பூனை எழுந்து இடம் மாறிப் படுத்தது.

"நானாம்மா எரிக்கறேன்?" என்றார் பெரிய போதகர். குரல் இறங்கிவிட்டது. "எனக்கு அதுல சந்தோஷம்னு நினைச்சியா? எங்க அப்பாவும் கேட்டுக்கு வெளியதான் நின்னாரு. கடைசி வரைக்கும். நான் என் மனசுக்குப் பிடிச்ச மாதிரி மாத்திச் சொல்ல முடியுமா?"

சின்ன போதகர் திரும்பிப் பார்த்தார். "மாமா, இதை நீங்க எங்ககிட்ட சொன்னதே இல்லையே."

"கேட்டீங்களா மாப்பிள்ளை?"

நடுவில் ஆள் இல்லாமல் அவர்கள் நேராகப் பேசிக் கேட்டது அன்றைக்குத்தான். அப்புறம் இருவருமே அக்காவைப் பார்த்தார்கள், பதில் ஏதோ அவளிடம் இருக்கிற மாதிரி. அவளிடம் துடைக்கிற துணிதான் இருந்தது.

"எரியுறாரோ, தீர்ந்துபோனாரோ, எனக்குத் தெரியல" என்றாள். "படிச்ச உங்களுக்கே ஒத்துப்போகல. ஆனா ஒண்ணு. எங்க இருந்தாலும் ஸ்வெட்டர் இல்லாம இருக்கமாட்டாரு. டேய், உங்க மச்சானைப் போடு. ஸ்வெட்டரோட போடு."

நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. மச்சானைப் போட்டேன். கை தூக்கியிருந்ததில் ஸ்வெட்டர் உட்காரவில்லை, அதனால் கையை இறக்கி, பழக்கதோஷத்தில் ஒரு டீ கிளாஸையும் பிடிக்க வைத்துவிட்டேன். பச்சை ஸ்வெட்டர், வெள்ளைப் பொத்தான். மேல் பொத்தானுக்கு வரும்போது வெளிச்சம் போய்விட்டது. நாளைக்கு ஆராதனை, அப்புறம் பார்க்கலாம் என்று கழுத்தைத் திறந்தபடி விட்டு இறங்கினேன்.

பெரிய போதகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நெருப்புக்குள்ள ஸ்வெட்டரா? இது தண்டனை மாதிரியே தெரியலையே."

"பொத்தான் கூட உருகல. இது அழிவு மாதிரியும் தெரியல" என்றார் சின்ன போதகர்.

"அவரு மாதிரி தெரியுது" என்றாள் அக்கா.

மறுநாள் ஆலயத்தில் வடக்குச் சுவரை ஒட்டிய பெஞ்சில் அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்பது ஒரு பேச்சுக்கு. பிரசங்கத்தின் நடுவில் எழுந்தாள், சுவிட்சுப் பலகைக்குப் போனாள், தலைக்கு மேலிருந்த ஃபேனைப் போட்டாள். சுவரைப் பார்த்தாள். வந்து உட்கார்ந்தாள். அரை நிமிஷம் கழித்து எழுந்து அணைத்தாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி எழுந்தாள். பெரிய போதகர் ஒவ்வொரு தடவையும் பிரசங்கத்தை நிறுத்தி, அவள் உட்காரும் வரை காத்திருந்து தொடர்ந்தார். நித்தியத்தைப் பற்றி ஆரம்பித்தவர், எங்கே விட்டோம் என்று தெரியாமல் சீக்கிரமே ஜெபம் செய்து முடித்துவிட்டார்.

"முப்பது வருஷமா கூப்பிட்டேன்டா" என்றாள் அக்கா என்னிடம், வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே. "இப்பதான் உள்ள வந்திருக்காரு. காத்து அடிச்சா எழுந்து போயிடுவாரோன்னு இருக்கு. ஆனா புழுக்கமும் தாங்கலையே."

திங்கட்கிழமை காலையில் ஏணியையும் டப்பாக்களையும் எடுத்து வரப் போனேன். மீதிப் பொத்தானையும் போட்டுவிடலாம் என்று எண்ணம். கதவு திறந்திருந்தது. வடக்குப் பெஞ்சில் அக்கா காலை நீட்டி, முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பூனைக்குட்டி. தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஏணி நான் சாத்திவைத்த இடத்தில் இல்லை; மச்சானுக்கு நேராக நின்றது.

அண்ணாந்து பார்த்தேன். மேல் பொத்தான் போடப்பட்டிருந்தது. கொஞ்சம் கோணல், என் பொத்தான்களைவிடப் பெரிது. ஆனால் காற்றுப் புக வழியில்லாமல், கழுத்து வரைக்கும், நன்றாகவே போடப்பட்டிருந்தது. என் சின்ன பிரஷ் ஈரமாக இருந்தது. அக்காவின் கட்டை விரலில் வெள்ளைப் பெயின்ட்.

நான் பிரஷ்ஷை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவினேன்.

"என்னடா முழிக்கிற?" என்றாள் அவள், நகர்ந்து இடம் விட்டு. "உட்காரு. காத்து நல்லா வருது."