மூன்று பிரவுசரில் ஒரு விண்ணப்பம்

ஒன்பது வருஷ வேலையில் ஒரு ரத்த மாதிரிக் குழாயில்கூடப் பெயர் மாற்றி ஒட்டியதில்லை. லேப்காரிக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான். ஊசியை உருவியதும் நோயாளியின் கட்டிலருகே நின்றே சீட்டை ஒட்டிவிடுவாள். அப்படிப்பட்டவள் தன் இடமாறுதல் விண்ணப்பத்தை ஒரே கம்ப்யூட்டரில் மூன்று இடத்தில் வைத்துவிட்டு, எதில் என்ன இருக்கிறது என்று பிடிபடாமல் முழித்துக்கொண்டிருந்தாள்.

விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். மாலை ஐந்துக்கு இணையதளம் மூடிவிடும். மறுபடி திறக்க மூன்று வருஷம் ஆகும். கணவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். பஸ்ஸில் ஏழு மணி நேரம். அம்மா நேர் எதிர்த் திசையில், தனியாக, மடங்காத இரண்டு முழங்கால்களோடு. படிவத்தில் மூன்று விருப்பம் கேட்பார்கள். முதலில் போடுவதுதான் கிடைக்கும், மற்ற இரண்டும் ஒப்புக்கு.

ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் இருந்த கம்ப்யூட்டர் பொதுச்சொத்து. அதில் மூன்று பிரவுசர். ஆந்தைப் படம் போட்டது ஒன்று, படகு ஒன்று, இலை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்தர் இருந்தார்.

காலை பதினோரு மணிக்கு எக்ஸ்ரே அண்ணன் ஆரம்பித்து வைத்தார். "ஆந்தையில போடும்மா. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள பக்கம் வந்து நிக்கும்."

"வந்து நிக்கும், அப்புறம் அப்படியே நிக்கும்," என்றாள் ரெக்கார்டு அக்கா, ஃபைல் கட்டுக்குள்ளிருந்து தலையைத் தூக்காமல். "மெமரியைப் பூரா தின்னுட்டு மிஷினே ஊளையிடுது. நீங்க நாப்பது பக்கம் திறந்து வச்சா அது என்னதான் பண்ணும்?"

லேப்காரி ஆந்தையைத் திறந்தாள். போனில் கணவன் இருந்தான். "முதல்ல துறைமுகம், வேற எதையும் யோசிக்காத," என்றான். துறைமுகம் என்று போட்டாள். 'தற்காலிகமாகச் சேமி' என்பதையும் அழுத்தினாள். போட்டோ ஏற்றும் இடத்தில் ஆந்தை சுற்ற ஆரம்பித்தது. பிற்பகல் ஒன்றரை வரை விட்டு விட்டுச் சுற்றியது.

அப்போதுதான் மருந்துக் கவுன்ட்டர்க்காரர் வந்தார். எல்லோரும் மாத்திரை என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். "படகு மெதுவாத்தான் போகும். ஆனா பத்திரம். என் பாஸ்வேர்டு எல்லாம் அதுக்குத்தான் தெரியும், எனக்கே தெரியாது. பிரிண்ட்டும் கோணாம வரும்."

படகில் திறந்தால் படிவம் வெறுமையாக இருந்தது.

"சேமிச்சேனே," என்றாள்.

"ஆந்தையில சேமிச்சா படகுல எப்படி வரும்? இந்த வெப்சைட் வரைவை அந்தந்தப் பிரவுசருக்குள்ளயேதான் வச்சுக்கும்."

முதலிலிருந்து நிரப்பினாள். பாதியில் அம்மா கூப்பிட்டாள். விண்ணப்பத்தைப் பற்றி அம்மா பேசவேயில்லை. குளியலறையில் வழுக்கியதை மட்டும் சொன்னாள். "ஒண்ணும் இல்லடி, சுவரைப் பிடிச்சுட்டேன்," என்றாள். போனை வைத்ததும் முதல் விருப்பத்தில் அம்மாவின் ஊர் ஏறியிருந்தது. ஏற்றியது அவள் விரல்தான், 'தற்காலிகமாகச் சேமி'யை அழுத்தியதும் அதுதான். படகில் போட்டோ ஏறியது, 'அடுத்து' என்கிற பொத்தான் மட்டும் காணவில்லை. மாத்திரை திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு, "வழக்கமா இப்படிப் பண்ணாது," என்று படகுக்காக வருத்தப்பட்டார்.

மூன்றரைக்கு ரெக்கார்டு அக்கா பொறுமை இழந்தாள். "தள்ளு. இலையில போடு. மூடினா எல்லாத்தையும் மறந்துடும். அஞ்சு பேர் புழங்குற மிஷின்ல நம்ம வண்டவாளம் அடுத்தவனுக்கு எதுக்கு?"

"மறந்து போற பிரவுசர் ஒரு பிரவுசரா?" என்றார் மாத்திரை.

"உங்களுக்கு ஞாபகம் வச்சு என்ன கிழிச்சுது?"

இலையில் மறுபடி எல்லாம் வெறுமை. இந்தத் தடவை போனில் யாரும் இல்லை. போட்டோ ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை, ஊரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று பட்டியலில் முதல் வரியாக இருந்த 'தற்போதைய இடத்திலேயே தொடர' என்பதை வைத்துவிட்டு மற்றவற்றை நிரப்பினாள். போட்டோ ஏறியது. 'அடுத்து' இருந்தது. 'சமர்ப்பி'யும் வந்தது. அந்த நேரம் பார்த்து வார்டிலிருந்து ஆள் வந்தான். அவசரமாக ரத்தம் எடுக்க வேண்டுமாம். மூன்று பிரவுசரையும் அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். நரம்பு கிடைக்காத கை. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் இறங்கியபோது மணி நாலே முக்கால்.

திரும்பி வந்தபோது பிரவுசர்கள் எல்லாம் மூடப்பட்டு, திரை சுத்தமாக இருந்தது.

"போட்டுட்டேன்," என்றாள் ரெக்கார்டு அக்கா. "நேரம் ஆகுதே, நீ வர மாட்டேங்கிறியேன்னு நானே சமர்ப்பிச்சுட்டேன். உன் போனுக்கு நம்பர் வந்திருக்கும் பாரு."

வந்திருந்தது. விண்ணப்ப எண், நன்றி, விவரங்களை நாளை பத்து மணிக்குப் பிறகு பார்க்கலாம், ஐந்து மணிக்குள் திரும்பப் பெற இந்த இணைப்பு. எந்த ஊர் என்று மட்டும் இல்லை.

"எதுல போட்டீங்க அக்கா?"

"எது ரெடியா இருந்துச்சோ அதுலதான். எல்லாத்தையும் மாத்தி மாத்திப் பார்த்தேன், எதுன்னு கவனிக்கல. ஏன், மூணும் ஒண்ணுதானே?"

லேப்காரி போனில் வந்ததை மறுபடி படித்தாள். மூன்றும் ஒன்றில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

எக்ஸ்ரே அண்ணனும் மாத்திரையும் வந்து சேர்ந்தார்கள். வழி சொன்னவர் மாத்திரை. "சமர்ப்பிச்சா வரைவு அழிஞ்சுடும். எதுல வரைவு இல்லையோ அதுதான் போயிருக்கு."

ஆந்தையைத் திறந்தாள். துறைமுகம் அப்படியே இருந்தது. படகைத் திறந்தாள். மெதுவாக வந்தது, அம்மாவின் ஊர் இருந்தது. இலையில் ஒன்றும் இல்லை. இலை மூடினாலே மறந்துவிடும் என்பதால் அது மட்டும் சாட்சியாகாது. ஆனால் மற்ற இரண்டிலும் வரைவு இருக்கிறது. ஆக, போனது இலைதான். பரிசோதனைக்கு வைத்த வரிதான் அவளுடைய முதல் விருப்பம் ஆகியிருந்தது. இதே ஊர், இதே லேப், அதே பஸ்.

மணி நாலு ஐம்பத்திரண்டு.

"திரும்ப வாங்கிட்டு ஆந்தையில போடு," என்றார் எக்ஸ்ரே அண்ணன். "எட்டு நிமிஷம் இருக்கு, வேகம்தான் முக்கியம்."

"போட்டோவுல நின்னுடுமே," என்றார் மாத்திரை. "படகுல போடு. பொத்தான் இல்லைன்னா கீபோர்டுல எண்டர் தட்டிப் பார்க்கலாம்."

"எண்டர் கீயே இல்லையே அதுல," என்றாள் அக்கா. "பேசாம விடுங்க. போனது போகட்டும். திரும்ப வாங்கி, மறுபடி போட முடியலைன்னா?"

முடியாமல் போனாலும் இதே ஊர்தான். திரும்பப் பெறுவதால் நஷ்டம் எதுவும் இல்லை. இது லேப்காரிக்கு நன்றாகவே தெரிந்தது. இணைப்பைத் திறந்து 'திரும்பப் பெறு' என்ற பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டாள். அவர்கள் ஆந்தை என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அவளுக்குக் கிரேன் தெரிந்தது; படகு என்றதும் குளியலறைச் சுவர். இவர்கள் முதலில் ஒரு முடிவுக்கு வரட்டும் என்று காத்திருப்பதாக நினைத்தாள். அப்படித்தானா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

"ஆந்தைக்குப் போன மாசம்தான் புது அப்டேட் வந்துச்சு."

"வந்ததுல இருந்துதான் தொங்குது."

"உங்க படகு என்ன, துடுப்பு போட்டா ஓட்டுறீங்க?"

மூன்று பேரும் திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொத்தான் நீலத்திலிருந்து சாம்பலாக மாறியது. அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. சாம்பலான பிறகுதான் அழுத்தினாள் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

"அடச்சே, அஞ்சு ஆயிடுச்சா?" என்றார் எக்ஸ்ரே அண்ணன்.

கணவனின் போன் வந்தது. அவள் ஜன்னலோரம் நகர்ந்து எடுத்தாள்.

"போட்டாச்சா?"

"போயிடுச்சுங்க. ஆனா மாறிப் போயிடுச்சு. இதே ஊர்தான் முதல்ல போயிருக்கு. பிரவுசர்ல ஏதோ கோளாறு."

மறுமுனையில் கிரேனின் எச்சரிக்கை மணி கொஞ்ச நேரம் அடித்து ஓய்ந்தது.

"எந்தப் பிரவுசர்?" என்று கேட்டான்.

"இலை," என்றாள். இன்று அவள் தொட்ட மூன்றில் கோளாறு இல்லாமல் ஓடியது அது ஒன்றுதான்.